பின் எண் சரியாக இருந்தால் பொறுப்பு யாருடையது? ராஸ் ஆண்டர்சன் உடைத்துக் காட்டிய வாதம்

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று புகார் கொடுப்பவர்களுக்கு வங்கிகள் தரும் பதிலில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பரிவர்த்தனை சரியான பின் எண்ணைக் கொண்டே நடந்திருக்கிறது, ஆகவே எங்கள் பக்கம் குறை இல்லை. நன்றாகப் படித்தவர்கள்கூட இந்த வரியைப் பார்த்ததும் வாயடைத்துப் போவார்கள். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி என்ன பேச?

அந்த ஒரு வரியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவர் ராஸ் ஆண்டர்சன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1956-ல் பிறந்தார், 2024 மார்ச் 28 அன்று மறைந்தார். தகவலை ரகசியக் குறிகளாக மாற்றிக் காக்கும் குறியாக்கவியல் வட்டாரத்தில் அவரை விஞ்ஞானி என்றுதான் அறிவார்கள். வங்கி வாடிக்கையாளர்களின் பக்கம் நின்று நீதிமன்றத்திலும் நாடாளுமன்றக் குழுக்களிலும் பேசியவர் என்ற முகம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. டெபிட் கார்டு, யுபிஐ மோசடிச் செய்திகளில் வங்கி ஒன்று சொல்ல, காவல்துறை வேறொன்று சொல்ல, படிப்பவர்கள் குழம்பிப் போகும் இன்றைக்கு அந்த இரண்டாவது முகமே நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் நான்கு சொற்கள்

1. மறுக்கப்பட்ட பரிவர்த்தனை: வங்கிப் பதிவேட்டில் இருக்கும், ஆனால் கணக்குக்காரர் "இதை நான் செய்யவில்லை" என்பார்.

2. நிரூபிக்கும் பொறுப்பு: தகராறு வந்தால் சான்று காட்ட வேண்டியவர் யார் என்பது. ஏடிஎம்மின் உள்பதிவு, சர்வர் பதிவு, கேமரா காட்சி எல்லாம் வங்கியின் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் இருப்பது ஒரு பாஸ்புக்கும் தன் வாய்ச்சொல்லும்தான். பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் வைத்தால், வழக்கு தொடங்கும் முன்பே அவர் தோற்றுவிடுகிறார்.

3. இழப்பின் உச்சவரம்பு: கார்டு திருடு போனாலும் வாடிக்கையாளர் இவ்வளவுக்கு மேல் இழக்க வேண்டியதில்லை என்று சட்டம் வகுக்கும் கோடு.

4. ஏமாந்து அனுப்பிய பணம்: திருடன் எடுக்கவில்லை, கணக்குக்காரரே ஒரு பொய்யை நம்பித் தன் கையால் பின் எண் போட்டு அனுப்பியது. மேலே உள்ள மூன்றும் இதற்குப் பொருந்துமா என்பதே இன்றைய பெரிய சண்டை.

நான்கில் இரண்டாவதுதான் அச்சாணி. இழப்பைச் சுமப்பவன்தான் பூட்டைச் சரிபார்ப்பான் என்பது ஆண்டர்சனின் அடிப்படைக் கணக்கு. பூட்டைச் செய்வது ஒருவன், திருட்டு நடந்தால் இழப்பது இன்னொருவன் என்றால் பூட்டு தரமாக இருக்காது. 2001-ல் அவர் இதைப் பொருளாதாரக் கட்டுரையாகவே எழுதினார். பாதுகாப்புப் பொருளாதாரம் என்று ஒரு தனி ஆய்வுத்துறை வளர்ந்ததற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம்.

ஒரே எந்திரம், இரண்டு சட்டம்

அமெரிக்காவில் 1978-ல் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் வந்தது. கார்டு தொலைந்ததைத் தெரிந்துகொண்ட இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலரோடு நிற்கும். தாமதித்தால் 500 டாலர் வரை போகும். கணக்கு அறிக்கை வந்து 60 நாளுக்குப் பிறகும் வாய் திறக்காவிட்டால், அதன்பின் நடப்பதற்கு வரம்பே கிடையாது. இந்த எண்களைவிட முக்கியமான பிரிவு ஒன்று அதில் உண்டு: பரிவர்த்தனை வாடிக்கையாளரின் அனுமதியோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி.

அந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதை 1980-ல் நியூயார்க் நகர உரிமையியல் நீதிமன்றம் காட்டியது. தன் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட 800 டாலரைத் தான் எடுக்கவில்லை என்றார் ஒரு பெண். அந்த நேரத்தில் அவர் வேலையில் இருந்தார் என்று முதலாளி கடிதம் கொடுத்தார். வங்கி கணினி அச்சுப்பிரதியை நீட்டியது. நீதிபதி மனுஷியின் சாட்சியத்தை ஏற்றார்.

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். எங்கள் அமைப்பு தவறே செய்யாது என்று வங்கிகள் சாதித்தன. தவறு செய்தது என்று காட்ட வேண்டிய வேலை வாடிக்கையாளருடையது. ஆள் இல்லாமல், காரணம் புரியாமல் கணக்கிலிருந்து போன பணத்துக்கு அங்கே பேய் எடுத்த பணம் என்றே பெயர் விழுந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் சுமார் 2,000 பேர் சேர்ந்து வங்கிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வங்கித் துறையில் பாதுகாப்பு ஆலோசகராக வேலை பார்த்துவிட்டு முனைவர் பட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜ் திரும்பியிருந்த ஆண்டர்சன், வாடிக்கையாளர் தரப்பின் தொழில்நுட்ப ஆலோசகரானார்.

ஏடிஎம் உண்மையில் எங்கே ஓட்டையாகிறது?

1993-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. அதுவரை குறியாக்கத்தை யாராவது கணிதத்தால் உடைப்பார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவர் வழக்கு ஆவணங்களைப் புரட்டியபோது கிடைத்த பட்டியல் கிட்டத்தட்ட நகைச்சுவை:

1. ஏடிஎம் கொடுக்கும் ரசீதில் முழுக் கணக்கு எண்ணும் அச்சாகியிருந்தது. திருடன் வரிசையில் நின்று முன்னால் இருப்பவர் அழுத்தும் பின்னைப் பார்த்துக்கொள்வான். அவர் வீசிவிட்டுப் போகும் ரசீதைப் பொறுக்குவான். வெற்றுக் கார்டின் காந்தப் பட்டையில் அந்த எண்ணை எழுதுவான். கார்டு தயார்.

2. ஒரு வங்கி, காந்தப் பட்டையில் பின்னைக் குறியாக்கம் செய்து எழுதிவைத்தது. ஆனால் அதைக் கணக்கு எண்ணோடு பிணைக்கவில்லை. தன் கார்டில் உள்ள கணக்கு எண்ணை மட்டும் இன்னொருவருடையதாக மாற்றிவிட்டு, தன் சொந்தப் பின்னையே போட்டு அடுத்தவர் பணத்தை எடுக்க முடிந்தது.

3. ஒரு வகை ஏடிஎம், 14 இலக்கம் கொண்ட ஒரு சோதனை எண்ணை அழுத்தினால் பத்து நோட்டுகளைக் கக்கும். ஒரு வங்கி அந்த எண்ணைக் கிளைகளுக்கான கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தது.

4. ஒரு சிறிய நிறுவனம் தன் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே பின் எண்ணை வழங்கியது.

5. உள்ளே இருப்பவர்கள். பிரிட்டிஷ் வங்கிகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீத ஊழியர்களை ஒழுங்கு நடவடிக்கையில் வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படியிருக்க, ஏடிஎம் விவகாரத்தில் மட்டும் ஊழியர் யாரும் தவறு செய்யவே முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

இவற்றில் ஒன்றைக்கூடக் கணித மேதை கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் அலட்சியம். அலட்சியம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தகராறு வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்த அமெரிக்க வங்கிகள் எங்கே ஒழுகுகிறது என்று தேடி அடைத்தன. பாதுகாப்புக்கு அவை செலவழித்தது குறைவு, பலன் அதிகம். புகார்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றிருந்த பிரிட்டிஷ் வங்கிகள் அதிகம் செலவழித்தும் மோசடியை வளர்த்தன. ஊழியருக்கும் அது வசதி: புகார் வந்தால் விசாரிக்க மாட்டார்கள், வாடிக்கையாளரைத்தான் சந்தேகிப்பார்கள் என்று தெரிந்தவன் துணிந்து கை வைப்பான்.

புகார் கொடுத்ததற்கே தண்டனை

1992-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிராமத்துக் காவலர் ஒருவர், விடுமுறை முடிந்து திரும்பியபோது கணக்கில் 460 பவுண்டு குறைவதைப் பார்த்து வீட்டுக்கடன் நிறுவனத்திடம் புகார் சொன்னார். நிறுவனம் தன் கணினி பத்திரமாக இருப்பதாகச் சொன்னது. கணினி சரி என்றால் காவலர் பொய் சொல்கிறார். பொய் சொல்லிப் பணம் கேட்டால் அது மோசடி முயற்சி. 1994-ல் அவருக்குத் தண்டனையே கிடைத்துவிட்டது. வேலையிலிருந்து இடைநீக்கம்.

மேல்முறையீட்டில் ஆண்டர்சன் காவலர் தரப்பு நிபுணராக வந்தார். அவர் கேட்டது ஒன்றே: உங்கள் கணினி சரியாக இருக்கிறது என்கிறீர்களே, திறந்து காட்டுங்கள், நானும் பார்க்கிறேன். நிறுவனம் மறுத்தது. பரிசோதிக்க விடாத கணினியின் வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் அந்தச் சான்றையே ஒதுக்கியது. 1996-ல் காவலர் விடுதலை ஆனார்.

இந்த முறை எளிமையானது, இன்றும் செல்லுபடியாகும்: கணினியைச் சாட்சியாகக் கொண்டுவருபவன் அதைக் குறுக்கு விசாரணைக்கும் விட வேண்டும். பிரிட்டன் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதா என்றால், இல்லை. கணினி சரியாக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவு சான்றாகும் என்றிருந்த 1984-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை 1999-ல் நீக்கியே விட்டார்கள். அதே காலத்தில் தபால் அலுவலகங்களுக்கு வந்த ஹொரைசன் கணினி காட்டிய பொய்க் கணக்கை நம்பி நூற்றுக்கணக்கான கிளை நடத்துநர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

1998-ல் ஆண்டர்சன் தகவல் கொள்கை ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியதும் இந்தக் கவலையின் நீட்சிதான். குறியாக்கச் சாவியைக் காவல்துறையிடம் ஒப்படைக்காதவர், தனக்கு அது மறந்துவிட்டது என்று தானே நிரூபிக்க வேண்டும் என்றிருந்த 2000-ஆம் ஆண்டு மசோதாவை அந்த அமைப்பு எதிர்த்தது. கடைசியில் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு மாறியது. வங்கியானாலும் காவல்துறையானாலும் கேள்வி ஒன்றுதான்.

சிப் வந்த பிறகும் அதே கதை

2006 பிப்ரவரி 14 முதல் பிரிட்டனில் சிப் கார்டுக்குப் பின் எண் கட்டாயமாயிற்று. கையெழுத்தைப் போலியாகப் போடலாம், பின்னைப் போலியாகப் போட முடியாது என்பது விளம்பரம். விளம்பரத்தில் சொல்லாத பக்கமும் உண்டு: கையெழுத்து போலி என்றால் இழப்பு வாடிக்கையாளருடையது அல்ல என்பது பழைய சட்டம், பின் எண் வந்ததும் பழி அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

2010-ல் ஸ்டீவன் மர்டாக், சார் டிரிமர், மைக் பாண்ட் ஆகியோரோடு சேர்ந்து ஆண்டர்சன் வெளியிட்ட தாக்குதல் இப்படி வேலை செய்தது:

1. கடையில் கார்டைச் செருகிப் பின்னை அழுத்துகிறோம். கருவி அந்தப் பின்னைக் கார்டில் உள்ள சிப்பிடம் கொடுத்து "சரியா?" என்று கேட்கும்.

2. சிப் "சரி" என்று ஒரு சிறு குறியீட்டை அனுப்பும். இந்தப் பதிலுக்கு எந்த ரகசிய முத்திரையும் கிடையாது. யார் அனுப்பினாலும் கருவி நம்பிவிடும். ஓட்டை இதுதான்.

3. திருடன் தான் திருடிய கார்டுக்கும் கருவிக்கும் நடுவே ஒரு சிறு மின்சுற்றைப் புகுத்துகிறான். கருவி அனுப்பும் பின்னை அது விழுங்கிக்கொண்டு, தானே "சரி" என்று பதில் சொல்கிறது. 0000 என்று அழுத்தினாலும் சரிதான்.

4. கார்டுக்குப் பின் எண் போய்ச் சேரவே இல்லை. ஆகவே இது கையெழுத்துப் பரிவர்த்தனை என்று அது நினைத்துக்கொள்ளும். கருவியோ பின் சரிபார்க்கப்பட்டது என்று நினைக்கும்.

5. ரசீதில் "பின் மூலம் சரிபார்க்கப்பட்டது" என்று அச்சாகும். வங்கி அதைத்தான் சான்றாக நீட்டும்.

கடைகளில் மட்டும் பலிக்கும் வித்தை இது. ஏடிஎம்மில் பின்னை வங்கியே நேரடியாகச் சரிபார்ப்பதால் அங்கே பலிக்காது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமே சாத்தியம், திருடர்களுக்கு இவ்வளவு அறிவு கிடையாது என்று வங்கித் துறை ஒதுக்கித் தள்ளப் பார்த்தது. அடுத்த ஆண்டே பிரான்சில் ஒரு கும்பல், திருடிய சிப்பின் மேல் இன்னொரு சிப்பை ஒட்டி இதே வேலையைச் செய்தது. சுமார் 40 கார்டுகள், 7,000 பரிவர்த்தனைகள், கிட்டத்தட்ட 6 லட்சம் யூரோ.

2010 டிசம்பரில், இந்த ஓட்டையை விளக்கிய ஒரு மாணவரின் முதுகலை ஆய்வேட்டை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி பிரிட்டிஷ் கார்டு நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. எராஸ்மஸும் நியூட்டனும் டார்வினும் இருந்த பல்கலைக்கழகத்திடம் இதைக் கேட்கிறீர்களா என்ற தொனியில் பதில் எழுதிய ஆண்டர்சன், அதே ஆய்வேட்டைத் துறையின் அதிகாரபூர்வ அறிக்கையாக வெளியிடவும் ஒப்புதல் கொடுத்தார், எல்லோரும் எளிதாகத் தேடி எடுக்கட்டும் என்று. பயமுறுத்த வந்த கடிதம் விளம்பரமாகிவிட்டது.

சட்டத்திலும் ஓர் அடி முன்னேற்றம். 2009 நவம்பரில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பணச்சேவை விதிகளின்படி, கார்டு பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டுமே வாடிக்கையாளர் அனுமதித்தார் என்பதற்குப் போதுமான சான்றாகாது.

திருடன் கதவை மாற்றினான்

பின்னைத் திருடுவது கடினமாகும்போது, பின்னை வைத்திருப்பவரையே அழுத்த வைப்பது லாபம். வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, இந்தப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள் என்பார்கள். பணம் நொடியில் போய்ச் சேரும் வசதி வந்ததும் இது தொழிலாகவே ஆனது.

இதற்குப் பழைய விதிகள் உதவவில்லை. 2016 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு, பணச்செலுத்த ஒழுங்குமுறை ஆணையத்திடம் பெரும்புகார் ஒன்றைத் தாக்கல் செய்தது. குறிப்பிட்ட நுகர்வோர் அமைப்புகள் சந்தை முழுவதையும் பாதிக்கும் கோளாறு பற்றிப் புகார் செய்தால், உரிய ஆணையம் காலக்கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அது. நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும். 2019 மே மாதம் பிரிட்டிஷ் வங்கிகள் தாமாக ஏற்ற ஒரு நெறிமுறை வந்தது. திருப்பித் தரும் வங்கி தந்தது, தராத வங்கி தரவில்லை. 2023 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளரே தெளிவாகக் கட்டளையிட்டால் அதை நிறைவேற்றுவது வங்கியின் கடமை என்று 7 லட்சம் பவுண்டு இழந்த தம்பதி வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் மாறாமல் வழியில்லை என்பது உறுதியாயிற்று.

2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் கட்டாய விதி. இழப்பு 85,000 பவுண்டு வரை திருப்பித் தரப்பட வேண்டும். வங்கி அதிகபட்சம் 100 பவுண்டு கழித்துக்கொள்ளலாம். 5 வேலை நாள் கெடு, விசாரணைக்காக அதைச் சற்று நிறுத்திவைக்கலாம். 13 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வாடிக்கையாளரே மோசடிக்கு உடந்தை என்றாலோ மிகக் கடுமையான அலட்சியம் காட்டினார் என்றாலோ கிடைக்காது.

இதில் மிகக் கூர்மையான பகுதி, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி சுமக்க வேண்டும் என்பது. திருட்டுப் பணம் போய் விழ ஒரு கணக்கு வேண்டும். அது பெரும்பாலும் கமிஷனுக்கு வாடகை விடப்பட்ட மியூல் கணக்கு. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கு அதுவரை இழப்பே இல்லை, ஆகவே அக்கறையும் இல்லை. ஆண்டர்சன் 1993-ல் போட்ட கணக்கு சட்டமாக வந்தபோது அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்திய விதியை இந்தக் கண்ணால் வாசித்தால்

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின் அமைப்பு அமெரிக்கச் சட்டத்தைப் போன்றது. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதுவே சொல்கிறது.

1. வங்கியின் குறைபாடு என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பு பூஜ்யம். எப்போது சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

2. வங்கியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை, நடுவில் எங்கோ கசிவு என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளில் சொன்னால் வரம்புக்குட்பட்ட இழப்பு: சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. அதற்கு மேல் போனால் வங்கி நிர்வாகக் குழுவின் கொள்கைப்படி.

3. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கிளையின் வேலை நாட்களே எண்ணப்படும்.

4. புகார் வந்த 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளில் புகாரை முடிக்க வேண்டும்.

5. வாடிக்கையாளரே ஓடிபி, பின் போன்றவற்றைக் கொடுத்துவிட்டால், புகார் செய்யும் வரையிலான முழு இழப்பும் அவருடையது. புகாருக்குப் பின் போவது வங்கியுடையது.

ஐந்தாவதுதான் பள்ளம். ஏமாந்து யுபிஐ பின்னைத் தானே போட்டவர் இதற்குள் விழுகிறார். இந்தச் சுற்றறிக்கை வந்தபோது பிரிட்டனும் அதே பள்ளத்தில்தான் இருந்தது. இன்னொரு சிக்கல், ஒருவர் முதல் வகையா ஐந்தாம் வகையா என்பதை முதலில் தீர்மானிப்பவர் வங்கி அதிகாரி. "ஓடிபி பதிவாகியிருக்கிறது, நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள்" என்பது பழைய பிரிட்டிஷ் வாதத்தின் புது உருவம். உங்கள் எண்ணுக்கு வேறு சிம் மாற்றி எடுத்தவனும் ஓடிபி பெறுவான். போனில் திரையைப் பகிரும் செயலியைப் புகுத்தியவனும் அதைப் படிப்பான்.

ஆகவே புகார் எழுதும்போது:

1. முதல் மணி நேரத்தில் 1930-ஐ அழையுங்கள், அல்லது சைபர் குற்றப் புகாருக்கான மத்திய அரசின் இணையதளத்தில் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதுதான் நோக்கம். தாமதமானால் அது பத்துக் கணக்குகளாகச் சிதறியிருக்கும்.

2. வங்கியின் உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை, நேரத்தோடு, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலிலோ கிளையில் முத்திரை வாங்கியோ எழுத்தாகக் கொடுங்கள். ஐந்தாம் வகையில்கூட இந்த நேரத்துக்குப் பின் போன பணம் வங்கியின் பொறுப்பு.

3. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நடக்காததை ஊகித்து ஒப்புக்கொள்ளாதீர்கள். "எங்கேயாவது ஓடிபி சொல்லியிருப்பேனோ என்னவோ" என்ற ஒரு வாக்கியம் ஐந்தாம் வகைக்கு உங்களைத் தள்ளிவிடும். சொல்லியிருந்தால் யாரிடம், எப்போது என்று எழுதுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை.

4. பதிவுகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பரிவர்த்தனை நடந்த கருவியின் அடையாளம், ஐபி முகவரி, ஓடிபி எந்த எண்ணுக்கு எந்த நொடியில் போனது, அந்த வாரத்தில் சிம்மோ கருவியோ மாறியதா, ஏடிஎம் என்றால் அதன் உள்பதிவும் கேமரா காட்சியும். கேமரா காட்சி நிரந்தரமாக இருக்காது, மேலெழுதப்பட்டுவிடும். அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

5. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே முதல் வரியாக இருக்க வேண்டியது, வங்கி எந்தெந்தப் பதிவுகளைத் தர மறுத்தது என்ற பட்டியல்.